ரேஷன் அக்கா

சாயங்காலம் திண்டுக்கல்லில் திருச்சி பஸ்ஸில் ஏறியதும் அவள் செய்கிற முதல் வேலை, யார் யார் எந்த ஊரில் இறங்குகிறார்கள் என்று விசாரிப்பதுதான். டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர்கூட அவ்வளவு அக்கறையாகக் கேட்க மாட்டார். விசாரணை முடிந்ததும் தீர்ப்பு வந்துவிடும்.

"வடமதுரையில எறங்குறவங்க எந்திரிங்க. செத்த நேரந்தான, நிக்கலாம். அய்யலூரு, அதுக்கு அங்கிட்டுப் போறவங்க உக்காரட்டும்."

ஒருமுறை ஒருவர் சண்டைக்கு வந்தார். "ஏம்மா, நான் சன்னல் வழியா துண்டு போட்டு எடம் பிடிச்சவன்."

"பிடிச்சீங்க, சரி. எம்புட்டுத் தூரத்துக்குப் பிடிச்சீங்க?"

மனுஷர் முனகிக்கொண்டே துண்டை எடுத்துத் தோளில் போட்டு எழுந்துவிட்டார். அவள் குரல் அப்படி. அதட்டலும் இருக்காது, கெஞ்சலும் இருக்காது. நான் வடமதுரைக்காரி. அதனால் அவளோடு வேலை பார்த்த காலம் முழுக்க நின்றுகொண்டேதான் வீட்டுக்குப் போனேன். அவள் அய்யலூர், உட்கார்ந்துகொண்டு என் பையை மட்டும் மடியில் வாங்கி வைத்துக்கொள்வாள். கூட வேலை பார்க்கிறவளாயிற்றே, கொஞ்சம் நகர்ந்து அரை இடம் கொடுக்கலாமே? கொடுக்க மாட்டாள். கைப்பிள்ளையோடு யாராவது ஏறினால் மட்டும் அவளே எழுந்து இடத்தை விட்டுவிடுவாள். அப்போது எனக்குத் துணையாக அவளும் நின்றுகொண்டு வருவாள், முகத்தில் ஒரு வருத்தமும் இல்லாமல்.

இப்படிப்பட்டவளிடம் போய், பற்றாக்குறையான ஒன்றைப் பங்கு வைக்கிற வேலையைக் கொடுத்தார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான ஆரம்ப வருடங்கள் அவை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். ஜவுளிக் கடை, பள்ளிக்கூடம், லாட்ஜ் என்று எல்லோருக்கும் திடீரென்று வெப்சைட் ஆசை வந்திருந்தது. அந்த வெப்சைட்டுகளை வைக்க இடம் வாடகைக்கு விடுவது எங்கள் தொழில். இடம் என்று பெரிதாகச் சொல்கிறேனே தவிர, அமெரிக்காவில் ஒரு டேட்டா சென்டரில் நாங்களே வாடகைக்கு எடுத்த ஒரு சர்வர்தான். ஆபீஸில் மூன்று பேர். முதலாளி, அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஃபோன் எடுத்துத் திட்டு வாங்க நான். சர்வரைப் பார்த்துக்கொள்ள அவள்.

சர்வரோடு கொஞ்சம் ஐ.பி. அட்ரஸும் கொடுத்திருந்தார்கள். நடுவில் புள்ளி வைத்த நான்கு எண்கள். இன்டர்நெட்டில் ஒரு இடத்துக்கு அதுதான் கதவு எண். சாதாரண வெப்சைட்டுகள் நூற்றுக்கணக்கில் ஒரே அட்ரஸில் குடியிருக்கலாம், லைன் வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் தெருவில் ஒரே வாசல் இருப்பதுபோல. ஆனால் கார்டு வழியாகப் பணம் வாங்குகிற வெப்சைட்டுக்குப் பூட்டு வேண்டும். பிரௌசரில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் தெரியுமே, அது. அந்தக் காலத்தில் பூட்டு வேண்டும் என்றால் தனி அட்ரஸ் இருந்தே ஆக வேண்டும். திண்டுக்கல்காரர்களுக்குப் பூட்டைப் பற்றி விளக்கத் தேவையில்லை. தனி அட்ரஸ் ஏன் கிடைக்காது என்பதைத்தான் விளக்கி மாளாது. உலகத்துக்கே அளவாக இருக்கிற சரக்கு அது. டேட்டா சென்டர்காரனிடம் இன்னும் நாலு கேட்டால், கொடுத்ததை என்ன செய்தாய் என்று முதலில் கேட்பான்.

அவளும் அதையேதான் கேட்பாள். தனி அட்ரஸ் வேண்டும் என்று யார் வந்தாலும் அவள் வாயிலிருந்து வருவது ஒரே வார்த்தை. "எதுக்கு?"

பழனியில் லாட்ஜ் வைத்திருந்த ஒருவர் இந்தக் கேள்வியில் திகைத்துப்போய் நின்றது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"ஏனுங்க, காசு குடுக்கறனுங்க. அப்புறம் எதுக்குன்னு கேட்டா எப்படிங்க?"

"ரூம் புக் பண்றவங்க கார்டுல பணம் கட்டுவாங்களா?"

"இல்லீங்க. ஃபோன்ல சொல்லிப்போட்டு வந்து குடுப்பாங்க."

"அப்பப் பூட்டு வேணாம். தனி அட்ரஸும் வேணாம்."

"பக்கத்து லாட்ஜ்காரரு வச்சிருக்காருங்களே?"

"எதுக்கு வச்சிருக்காருன்னு அவருகிட்டக் கேளுங்க. தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன். அன்று சாயங்காலம் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "ரேஷன் கடையில கூட கார்டைக் காட்டுனா அரிசி போட்டுருவான். இவ அரிசியை வச்சு என்ன பொங்கப் போறேன்னு கேப்பா போல." அன்றிலிருந்து அவளுக்கு ரேஷன் அக்கா என்று பேர். அவள் காதுபடவே சொல்வோம். கண்டுகொள்ள மாட்டாள்.

தேவை இருக்கிறவனுக்கு மட்டும் கொடுப்பது, முதலில் கேட்டவனுக்கு முதலில் கொடுப்பது, வாங்கிப் பூட்டுப் போடாமல் சும்மா வைத்திருப்பவனுக்கு ஒரு மாதம் கெடு வைத்துத் திரும்ப எடுத்துக்கொள்வது. இவ்வளவுதான் அவள் சட்டம். எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. அவள்தான் சட்டம்.

அவளிடம் தோற்றுப்போய் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்த ஒரு பாய். தன் கடை வெப்சைட்டுக்கு எழுநூற்றி எண்பத்தாறு வருகிற அட்ரஸ் வேண்டும் என்று வந்தார்.

"பாய், அதுல ஒரு எண்ணு எரநூத்தி அம்பத்தஞ்சைத் தாண்டாது."

"தாண்டாதா? சரி, ஏழும் எம்பத்தாறும் பக்கத்துப் பக்கத்துல வர்ற மாதிரி ஏதாச்சும் இருக்கா?"

அவள் நிஜமாகவே தேடிப் பார்த்தாள். "இல்ல பாய். எதுக்குக் கேக்குறீங்க? கார்டுல பணம் வாங்கப் போறீங்களா?"

"இல்லம்மா. ஒரு பரக்கத்துக்குத்தான், ஏவாரம் செழிக்கும்னு."

"பரக்கத்துக்குக் குடுத்துட்டா, நாளைக்கு நெசமாவே பூட்டு வேணும்னு வர்றவனுக்கு என்னத்தைக் குடுப்பேன்?"

பாய் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "நியாயந்தான். அப்ப எனக்கு வேணாம்" என்றார். அதன் பிறகு டவுனுக்கு வந்தால் எங்கள் மாடிக்கு வந்து ஒரு டீ குடிக்காமல் போக மாட்டார்.

பிறகு அவளுக்கு அம்மை போட்டது. தலைமாட்டில் வேப்பிலையோடு வீட்டில் படுத்திருந்தாள். ஆபீஸ் பக்கமே வரக் கூடாது. சர்வர் அண்ணன் கைக்குப் போயிற்று. வண்டிக்கு ஃபேன்சி நம்பர் வாங்கப் பைத்தியமாக அலைகிற ஊரில், இதையும் அப்படி விற்றால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஒரு ஜவுளிக் கடைக்காரர் ஜோசியரையே அழைத்து வந்தார். அட்ரஸில் உள்ள எண்களை எல்லாம் கூட்டி, ஒன்பது வருவதை எடுத்துக்கொண்டார். ஒரு ஃபைனான்ஸ்காரருக்கு ஆறு. ஒரு பாத்திரக் கடைக்கு ஐந்து. இவர்களில் ஒருவர்கூட கார்டில் பணம் வாங்குகிறவர் இல்லை. எனக்கும் அப்போது வேடிக்கையாகத்தான் இருந்தது. முகத்தில் தழும்போடு அவள் திரும்பி வந்தபோது ஒன்றுதான் மிச்சம் கிடந்தது. அதன் கூட்டுத்தொகை எட்டு, அதனால் யாரும் சீண்டவில்லை.

"பங்கு வைக்கிற வேலையை எனக்குக் குடுத்துட்டு, நான் படுத்திருந்தப்பப் பந்தியையே முடிச்சிட்டீங்களேண்ணே" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அண்ணன் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பார்.

டேட்டா சென்டருக்கு எழுதிக் கேட்டாள். அவர்கள் பார்த்துவிட்டு, கொடுத்ததில் பாதிக்கு மேல் பூட்டே இல்லை, அதைப் பயன்படுத்தி முடித்துவிட்டு வா என்று பதில் போட்டார்கள். அவர்கள் இடத்தில் அவள் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

அந்தக் கடைசி ஒன்றை அவள் யாருக்கும் தர மாட்டேன் என்று வைத்துக்கொண்டாள். அதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருடம், லைன் வீட்டில் இருந்த ஏதோ ஒரு வெப்சைட்டில் ஓட்டை விழுந்து, அதன் வழியாக எவனோ ஊர் உலகத்துக்கெல்லாம் குப்பை மெயில் அனுப்பிவிட்டான். எங்கள் பொது அட்ரஸைத் தடைப்பட்டியலில் போட்டார்கள். அந்த அட்ரஸில் இருந்த அத்தனை பேரின் மெயிலும் நின்றுபோனது. நிலக்கோட்டையில் மல்லிகை ஏற்றுமதி செய்கிற ஒருவர், விமானத்துக்குச் சொல்ல வேண்டிய மெயில் போகாமல் வேன் நிறையப் பூவை வாட விட்டுவிட்டு எங்கள் படியில் வந்து உட்கார்ந்து அழுதார். அன்றைக்கு ஒரு அட்ரஸ் காலியாக இருந்தது. எல்லோரையும் அதற்கு மாற்றித் தப்பித்தோம்.

"கடைசி ஒண்ணு யாருக்கும் இல்ல. அது எல்லாருக்கும்" என்று அதற்குப் பிறகு சொல்ல ஆரம்பித்தாள்.

அவளுக்கு ஒரு தம்பி. அய்யலூர்ச் சந்தையில் ஆடு வாங்கி விற்கிற வேலை. வியாழக்கிழமை சந்தை முடித்துவிட்டு டவுனுக்கு வந்தால் எங்கள் ஆபீஸில் தலைகாட்டுவான். சட்டையில் ஆட்டு வாடை அடிக்கும், வாயில் எப்போதும் சிரிப்பு. அங்கேதான் அவனுக்குப் பாயோடு பழக்கமானது.

"துபாய்ல என் மச்சான் இருக்கான். பக்ரீத்துக்கு ஊர்ல குர்பானி குடுக்கணும்னு அவனுக்கு ஆசை. நல்ல கிடாயாப் பாத்துப் பிடிச்சுக் குடுக்க ஆளில்ல" என்றார் பாய்.

"நான் பிடிச்சுத் தாரேன் பாய். அவரு படத்தைப் பாத்துப் பிடிச்சிருக்குன்னு சொன்னாப் போதும்" என்றான் தம்பி.

டீ ஆறுவதற்குள் ஒரு வியாபாரம் பிறந்துவிட்டது. வெப்சைட்டில் ஆட்டின் படம் இருக்கும். வளைகுடாவில் இருப்பவர் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கார்டில் பணம் கட்டுவார். பெருநாளுக்கு முன்னால் ஆடு அவர் வீட்டு வாசலில் வந்து நிற்கும். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் அவன் எடுத்து வந்த படங்களைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். ஒவ்வொரு கிடாயையும் குளிப்பாட்டி, பாறை மேல் ஏற்றி நிறுத்தி, சிறுமலை பின்னால் தெரிகிற மாதிரி எடுத்திருந்தான்.

தன் பங்கு நிலத்தை விற்று, சாதாரணமாக யாரும் வாங்காத பெரிய பெரிய கிடாய்களாக வாங்கி வீட்டைச் சுற்றிக் கட்டினான். ஆரம்பத்திலேயே அவள் சொன்னாள். "கார்டு வாங்கணும்னா தனி அட்ரஸ் வேணும்டா. இப்பக் கையில இல்ல." அவன் அதை அக்காவின் வழக்கமான பாட்டு என்று எடுத்துக்கொண்டான். அவன் ஆட்டைப் பார்த்தான், அவள் சர்வரைப் பார்த்தாள். அக்கா கையில் இருக்கிற ஒன்று தம்பிக்குக் கிடைக்காமல் போகும் என்று யார்தான் நினைப்பார்கள்?

மெயிலில் கேட்டவர்கள் பட்டாளமாகச் சேர்ந்தார்கள். கார்டு வசதி கொடுக்கிற கம்பெனியும் சம்மதித்தது, இரண்டு நிபந்தனையோடு. பூட்டு வேண்டும். அந்த அட்ரஸில் இந்தக் கடையைத் தவிர வேறு யாரும் இருக்கக் கூடாது. பக்ரீத்துக்கு மூன்று வாரம் இருந்தது.

அதற்கப்புறம் அந்த மாடியில் நாங்கள் யாரும் நிம்மதியாக மூச்சு விட்டதாக நினைவில்லை. வெளிநாட்டுக் கம்பெனியில் இடம் வாங்கலாம் என்றால், அங்கே பணம் கட்ட வெளிநாட்டில் செல்லுகிற கார்டு வேண்டும். எங்களில் யாரிடமும் அது கிடையாது. சர்வர் வாடகையை அண்ணன் பேங்க் வழியாக அனுப்புவார், அது போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆகும். மதுரையில் ஒரு கம்பெனி, எல்லாம் சரிபார்த்துக் கொடுக்கப் பெருநாள் தாண்டிவிடும் என்றது. பணத்தை ஊரில் வீட்டுக்காரர்களிடம் வாங்கிக்கொள்ளலாமா என்று பாய் கேட்டுப் பார்த்தார். அப்படியென்றால் உள்ளூரிலேயே ஒரு ஆட்டை வாங்கிக்கொள்வோமே என்றார்கள். மிச்சப் பேர், கார்டு எப்போது திறக்கும் என்று கேட்டுக் காத்திருந்தார்கள்.

அவள் ராசி நம்பர்காரர்களுக்கு ஒவ்வொருவராக ஃபோன் செய்தாள். யாரிடமும் கெஞ்சாதவள் அன்றைக்குக் கெஞ்சினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தாங்க முடியவில்லை.

"அண்ணாச்சி, நீங்க அதை வச்சு ஒண்ணுமே பண்ணல. ஒரு மாசத்துக்கு விட்டுக்குடுங்க. திருப்பித் தந்துருவேன்."

"தங்கச்சி, அந்த நம்பர் வந்த பொறகுதான் என் மகளுக்கு வரன் அமைஞ்சது. கல்யாணம் முடியட்டும், அப்புறம் பேசு" என்றார் ஜவுளிக் கடைக்காரர்.

அவர்களுக்கு அவள் வைத்திருந்த ஒரு மாதக் கெடு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது பக்ரீத் கழிந்துதான் முடியும்.

"நாளைக் கொறைச்சு இன்னைக்கே பிடுங்குக்கா. அந்தாளு என்ன கேஸா போடப்போறாரு?" என்றேன்.

"அடுத்தவனுக்கு ஒரு மாசம், என் தம்பிக்குத் தேவைன்னா ஒரு வாரமா?"

"அப்ப அந்தக் கடைசி ஒண்ணைக் குடு."

அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அடுத்த நம்பரைச் சுற்றினாள்.

அண்ணனே வந்து சொன்னார். "ஏம்மா, உன் தம்பிதான? குடுத்துரு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்." அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "வேற ஒருத்தி தம்பியா இருந்தா குடுக்கச் சொல்வீங்களாண்ணே?" அவர் தன் அறைக்குப் போய்விட்டார். அவரே எடுத்துக் கொடுத்திருக்கலாம், வழி தெரியும். அம்மைக் காலத்தில் செய்த காரியத்துக்குப் பிறகு அவருக்குக் கை வரவில்லை என்று நினைக்கிறேன்.

அவள் அம்மா ஒரு நாள் வந்தார். மாடி ஏறவில்லை. மருந்துக் கடைப் படியில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏத்தா, நீயாச்சும் சொல்லு. ஏதோ ஒரு நம்பராமுல்ல. அதைக் குடுத்தா இவ கையில என்னத்தா கொறைஞ்சு போகும்? வெள்ளென எந்திரிச்சு அவன் ஆட்டுக்குத் தழை ஒடிச்சுப் போடுறா. அம்புட்டுப் பாசம் வச்சிருக்கவ, இதைக் குடுத்தா என்ன?"

பார்த்தறியாத ஆட்களின் மெயிலுக்காகப் கூடப்பிறந்தவனைக் கைவிடுகிறாள் என்று அந்த அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? எனக்கே அது பாதிதான் புரிந்தது. மிச்சப் பாதிக்கு நான் அவள் மேல் கோபமாக இருந்தேன். அந்தக் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

அடுத்த நாள் தம்பி வந்தான். சிரிப்பைக் காணோம், தாடி வளர்ந்திருந்தது. அவள் மேசைக்கு முன்னால் நின்றான்.

"நான் ஓங்கிட்டக் கிட்னியா கேட்டேன்? ஒரு நம்பரு. நாலு எண்ணு, மூணு புள்ளி."

"அது என்னோடதா இருந்தா கிட்னியோட சேத்துக் குடுத்திருப்பேன்டா. என்னோடது இல்லையே."

"யாரோடது? அந்த லைன்ல கெடக்குறவனெல்லாம் யாரு ஒனக்கு? சோறு போட்டானா?"

"யாருன்னே தெரியாது."

"தெரியாதவனுக்கு எடுத்து வச்சிட்டு என்னைச் சாகச் சொல்றியாக்கா?"

அவள் காதில் கிடந்த தோட்டைக் கழற்ற ஆரம்பித்தாள். ஒன்று வந்தது, மற்றதன் திருகாணி வரவில்லை. "இதையும் வளையலையும் எடுத்துக்கடா. என் கல்யாணத்துக்குன்னு வச்சதெல்லாம் எடுத்துக்க."

"எடுத்து? இன்னும் நாலு ஆடு வாங்கிக் கட்டவா? ஆடு இருக்குக்கா எங்கிட்ட. வாங்குறவனும் இருக்கான். நடுவுல நீதான் நிக்கிற."

அதைச் சொல்லிவிட்டு இறங்கிப் போனான். கழற்றிய ஒற்றைத் தோடு மேசை மேல் கிடந்தது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவள் யாரிடமும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. பக்கத்தில் இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள்.

அவன் அதற்குப் பிறகு அவளிடம் பேசவில்லை. பெருநாள் முடிந்து, வாங்குவார் இல்லாத சந்தையில் கிடாய்களைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டான். அம்மாவிடம் பேச ஃபோன் செய்வான். அவள் எடுத்தால் வைத்துவிடுவான். இரண்டு வருடம் கழித்து எங்கள் கம்பெனியும் மூடப்பட்டது. அவள் சென்னைப் பக்கம் ஏதோ வேலைக்குப் போனாள். நான் கல்யாணமாகிக் கரூர் வந்துவிட்டேன். அவள் கல்யாணம் செய்துகொண்டாளா என்றுகூட எனக்குத் தெரியாது. இப்போதெல்லாம் ஒரே அட்ரஸில் எத்தனை வெப்சைட் வேண்டுமானாலும் பூட்டுப் போட்டுக்கொள்ளலாமாம். தனி அட்ரஸே தேவையில்லை. அதை முதன்முதலில் கேள்விப்பட்ட அன்று எனக்கு யார் மேலேயோ அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. சமையல்கட்டில் போய்ச் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

அந்தப் பக்ரீத்துக்கு முன் நடந்த ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பெருநாளுக்கு இரண்டு மூன்று நாள்தான் இருந்தது. காலையில் ஆபீஸைத் திறக்கும்போதே ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது. மெயில் போகவில்லை. அதை வைத்தால் அடுத்தது, அதையும் வைத்தால் அடுத்தது. பள்ளிக்கூடம், நர்சிங் ஹோம், நிலக்கோட்டைப் பூக்காரர். ஏதோ ஒரு பழைய மாணவர் சங்கத்து வெப்சைட்டில் ஓட்டை விழுந்து, பொது அட்ரஸ் மறுபடி தடைப்பட்டியலுக்குப் போயிருந்தது. எது நடந்துவிடும் என்று அவள் அந்த ஒன்றைப் பிடித்து வைத்திருந்தாளோ அது நடந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். பார்த்தாயா, நான் சொன்னேனே என்ற நினைப்பு ஒரு துளி இருக்குமா என்று தேடினேன். இல்லை. சாவு செய்தி கேட்டவள் மாதிரி இருந்தாள்.

அந்த அழைப்புகளுக்கு நடுவில் தம்பியும் கூப்பிட்டான். என் குரல் என்று தெரிந்ததும்தான் பேசினான்.

"அக்கா, மெயில் ஒண்ணுகூட போக மாட்டேங்குது. கார்டு கெடையாதுன்னு எல்லாத்துக்கும் எழுதிருக்கேன். நேத்தே எழுதிட்டேன், அப்படியே நிக்கிது. அவங்க வேற எடத்துல சொல்லணும்ல? வீட்ல பிள்ளைகள்லாம் ஆடு வரும்னு வாசலப் பாத்துக்கிட்டு இருக்கும்க்கா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். இது மட்டும் போயிட்டாப் போதும்."

நான் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு அவளிடம் சொன்னேன். அவள் ஏற்கனவே மெயில் வரிசையைத் திறந்து வைத்திருந்தாள். போக முடியாமல் நின்ற மெயில்கள் திரை முழுக்க. அதில் அவன் எழுதியதும் இருந்தது. ஒரே மெயிலைப் பலருக்குப் போடாமல் ஆளுக்கு ஒன்றாக உட்கார்ந்து எழுதியிருந்தான். பொதுவாக அடுத்தவர் மெயிலை அவள் திறந்துகூடப் பார்க்க மாட்டாள். அன்று ஒன்றைத் திறந்தாள். சலாம் சொல்லி, கார்டு வசதி கிடைக்கவில்லை, தயவுசெய்து இன்றே வேறு இடத்தில் சொல்லிவிடுங்கள், வீட்டில் இருப்பவர்கள் காத்திருக்க வேண்டாம், மன்னியுங்கள் என்று இருந்தது. அடியில் தனியாக ஒரு வரி. நீங்கள் பார்த்து வைத்த கறுப்புக் கிடா நன்றாக இருக்கிறது, கவலைப்பட வேண்டாம்.

அவள் அதை மூடிவிட்டு அந்தக் கடைசி அட்ரஸை எடுத்தாள். எல்லோரையும் அதற்கு மாற்றினாள். எத்தனை நாளாக எத்தனை பேர் கேட்டு அழுத பொருள், போக வேண்டிய இடத்துக்குச் சத்தமில்லாமல் போய்விட்டது. வரிசை மெதுவாக நகர ஆரம்பித்தது.

"அவனோடதை முதல்ல விடுக்கா. நாள் இல்ல" என்றேன்.

சொல்லும்போதே, மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். அவள் அவன் மெயில்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முன்னால் தள்ளினாள். எனக்குத் தெரிந்து அவள் வரிசையை மீறியது அந்த ஒரு தடவைதான். ஒவ்வொன்றும் திரையிலிருந்து மறையும்போது உதட்டை அசைத்து ஏதோ சொல்லிக்கொண்டாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை.

கடைசியும் போனதும் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "அவனுக்கு ஃபோன் பண்ணி, எல்லாம் போயிருச்சுன்னு சொல்லு. நான் சொல்லச் சொன்னேன்னு சொல்லாத."

கூப்பிட்டேன். உடனே எடுத்தான்.

"போயிருச்சு தம்பி. ஒண்ணு விடாமப் போயிருச்சு."

"ரொம்ப நன்றிக்கா. நேத்துலருந்து முட்டிக்கிட்டு நின்னுச்சே, எப்படிப் போச்சு?"

"வேற அட்ரஸுக்கு மாத்தி விட்டுருக்கு."



"எந்த அட்ரஸு?"

நான் அவளைப் பார்த்தேன். வேண்டாம், வேண்டாம் என்று தலையாட்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பொய் சொல்ல எனக்கு நன்றாகவே வரும். ஃபோன் எடுக்கிற வேலையில் பாதி அதுதான். அன்றைக்கு வரவில்லை.

"நீ கேட்ட அதேதான் தம்பி" என்றேன்.

அவன் ஃபோனை வைக்கவில்லை. அவனுக்குப் பின்னால் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன.